அனைவருக்குமான புதிர்நிலை

புதிர்நிலை (லேபிரிந்த்) என்பது நுழைவாயிலிலிருந்து நடுவிடம் வரை கிளை பிரியாமல் வளைந்து செல்லும் ஒற்றைப் பாதை. உள்ளே போன வழியாகவே வெளியே வர வேண்டும். முட்டுச்சந்துகள் வைத்து ஆளைத் திணறடிக்கும் தோட்டப் புதிர்களில் வழி தேட வேண்டியிருக்கும். இதில் வழி தவறவே முடியாது. வழியைப் பற்றிய கவலை இல்லாததால் நடப்பவரின் மனம் தானாக அடங்கும் என்று இதை விரும்புவோர் சொல்கின்றனர். நோய் தீர்க்கும் என்று சிலர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மெதுவாக நடக்க ஓர் அமைதியான இடம் என்பதே போதிய பயன். பூங்கா, தேவாலய முற்றம், மருத்துவமனைத் தோட்டம் போன்ற இடங்களில் பொதுமக்கள் பயன்பாட்டுக்காக இவை அமைக்கப்படுகின்றன. சக்கர நாற்காலியில் வருபவர், ஊன்றுகோல் பிடிப்பவர், பார்வையற்றவர், முதியவர் எல்லோரும் நடுவிடம் வரை போய்வர முடிந்தால்தான் அதைப் பொது இடம் என்று சொல்லத் தகும்.

வரலாறு

கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த, ஏறக்குறைய கி.மு. 1200ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றின் பின்பக்கத்தில் சதுரப் புதிர்நிலை கீறப்பட்டுள்ளது. பால்டிக் கடலோரங்களில் கற்களை அடுக்கி அமைத்தவை நூற்றுக்கணக்கில் உள்ளன. தமிழகத்திலும் இம்மரபு உண்டு. பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் சதுர வடிவக் கற்புதிர்நிலை இருக்கிறது. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பகுதியில் உள்ளதை ஊரார் ஏழுசுத்துக்கோட்டை என்கின்றனர். தென்னிந்திய வாசற்கோலங்களிலும் பச்சை குத்தும் வடிவங்களிலும் காணப்படும் புதிர்நிலைகளைப் பற்றி மானிடவியலாளர் ஜான் லேயார்டு 1937இல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் விரிவாக எழுதினார். ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலில் அபிமன்யு புகுந்த சக்கரவியூகமும் வளைவழியாகவே செதுக்கப்பட்டுள்ளது.

இன்றைய பொதுப் புதிர்நிலைகள் பலவற்றுக்கு முன்மாதிரி பிரான்சின் ஷார்த்ர் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்ட பதினொரு சுற்று வடிவம். அதன் விட்டம் 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதையின் நீளம் சுமார் 260 மீட்டர். சான்பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயப் பாதிரியார் லாரன் ஆர்ட்ரெஸ் 1991இல் அதைக் கித்தான் துணியில் வரைந்து விரித்தார். அதன்பின் அமெரிக்காவில் இந்த வழக்கம் வேகமாகப் பரவியது. கனடாவின் டொராண்டோவில், கடைத்தெரு நெரிசலுக்கு நடுவே உள்ள டிரினிட்டி சதுக்கப் பூங்காவில் முதலில் புல்வெளிப் புதிர்நிலை ஒன்று இருந்தது. 2005இல் அதற்குப் பதிலாக, சக்கர நாற்காலியும் செல்லும்படி தளம் பாவிய ஷார்த்ர் வடிவம் அமைக்கப்பட்டது.

அகலமும் நீளமும்

ஷார்த்ரில் பாதையின் அகலம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். ஒருவர் காலடி வைக்க அது போதும். சக்கர நாற்காலிக்குப் போதாது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல்தன்மைத் தரநிலைகளின்படி நாற்காலி செல்லும் வழிக்குக் குறைந்தது 91.5 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். குறுகலான தடுப்பு ஒன்றைச் சுற்றி அப்படியே பின்னால் திரும்பும் இடமானால், திருப்பத்துக்கு முன்னும் பின்னும் சுமார் 107 சென்டிமீட்டரும் திருப்பத்தில் 122 சென்டிமீட்டரும் தேவை. புதிர்நிலையில் இப்படிப்பட்ட திருப்பங்கள்தான் அதிகம். கோடுகளைச் செங்கல்லால் உயர்த்திக் கட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கணக்கு குறுக்கே வரும். தரையோடு தரையாக வண்ணம் பூசிவிட்டால் சக்கரம் கோட்டின்மேல் ஏறிப் போகலாம், எதிரே வருபவருக்காகப் பக்கத்துச் சுற்றுக்கும் ஒதுங்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது நீளத்தில்தான். பாதையின் நீளம், மொத்தப் பரப்பைப் பாதையும் கோடும் சேர்ந்த அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு நெருங்கியது. ஷார்த்ர் வடிவத்தை அதே விகிதத்தில் பெரிதாக்கி அந்த அகலத்தை ஒரு மீட்டராக்கினால் விட்டம் 30 மீட்டர் ஆகிவிடும். நடை 600 மீட்டரைத் தாண்டும். போய்த் திரும்ப 1.2 கிலோமீட்டருக்கு மேல். சக்கரத்துக்கு வழிவிட்ட கையோடு, முழங்கால் வலியோடு வருபவரை அது வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே அகலத்தைக் கூட்டும்போது சுற்றுகளைக் குறைப்பதே முறை. 1.2 மீட்டர் அகலத்தில் மூன்று சுற்று வடிவம் 10 மீட்டர் விட்டத்துக்குள் அடங்கும். போகவர 120 மீட்டர் நடந்தால் போதும். எண்ணிக்கை குறைந்தது என்று வருந்த வேண்டாம். மூன்று சுற்றிலும் நடுவிடத்தை நெருங்குவதும் விலகுவதும் உண்டு.

இதை வரைவது கோலம் போடத் தெரிந்தவருக்குக் கடினமன்று. ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி. கூட்டல் குறியின் மேல்நுனியையும் பக்கத்துப் புள்ளியையும் வளைகோட்டால் சேர்த்துவிட்டு, அதற்கு இடப்புறமும் வலப்புறமும் மீதியுள்ள முனைகளை வரிசையாக இணைத்துக்கொண்டே வந்தால் மூன்று சுற்று கிடைக்கும். புள்ளிகளுக்கு உட்புறம் ஒவ்வொரு மூலைமட்டக் கோணமும் சேர்த்தால் ஏழு. முளையும் கயிறும் சுண்ணாம்புத்தூளும் கொண்டு தரையில் வரைந்து, நிரந்தரமாகப் பதிக்கும் முன் சக்கர நாற்காலியில் ஒருவரை ஓட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது. திருப்பம் போதாது என்பதைக் காகித வரைபடம் காட்டிக்கொடுக்காது.

தரையும் துணை வசதிகளும்

உதிரிச் சரளை, மணல், புல் ஆகியவற்றில் சக்கரம் புதையும். கான்கிரீட், இடைவெளியின்றிப் பாவிய கல், நன்கு இறுக்கிய கிரஷர் மண் ஆகியவை ஏற்றவை. மழைநீர் வடிய வாட்டம் வேண்டும். அது 48க்கு 1 என்பதைத் தாண்டினால் நாற்காலி ஒருபக்கமாக இழுக்கத் தொடங்கும். சக்கரத்துக்குத் தரை சமமாக இருக்க வேண்டும், பார்வையற்றவரின் கோலுக்கோ கோடு தட்டுப்பட வேண்டும். பாதையை வழவழப்பாகவும் கோட்டைச் சொரசொரப்பாகவும் அமைத்து, உயர வேறுபாட்டை 6 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் இரண்டும் ஒத்துப்போகும். மங்கிய பார்வை உடையோருக்கு வண்ண வேறுபாடு உதவும். ஆனால் மறதிநோய் உள்ளோருக்குக் கரும்பட்டை பள்ளம் போலத் தோன்றக்கூடும். முதியோர் இல்லங்களில் மிதமான நிறமே பொருத்தம்.

நடுவிடத்தில் நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 1.5 மீட்டர் வெற்றிடம் விட்டு, அதன் ஓரத்தில் கைப்பிடியும் சாய்மானமும் உள்ள இருக்கை போட வேண்டும். வெயில் ஊர்களில் நிழல் இல்லாத புதிர்நிலை காலை எட்டு மணிக்குமேல் காலியாகக் கிடக்கும். நடக்கவே இயலாதவருக்காக நுழைவாயிலில் விரலால் தடவிப் போகும் புதிர்நிலை ஒன்றை மரத்திலோ கல்லிலோ குடைந்து வைக்கின்றனர். நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் அடியில் நுழையும்படி அந்தப் பலகைக்குக் கீழே இடம் விட வேண்டும். பள்ளத்தில் மழைநீர் தேங்காதபடி பலகையைச் சற்றே சாய்த்துப் பொருத்துவதும் வழக்கம்.