விடுமுறை, மின்னிணைப்பு, திரை: ஓவேலித் தோட்டக் குடும்பங்களின் வீட்டுத் திரைப்படப் பார்வை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் திரைப்படம் பார்த்தல் பெரும்பாலும் ஊடக வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதப்படுகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்திலுள்ள ஓவேலிப் பகுதியைப் பொறுத்தவரை அவ்வரலாற்றை நில உரிமை, தொழிலாளர் குடியிருப்பு, விடுமுறைச் சட்டங்கள் ஆகியவற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஓவேலி, தேயிலைத் தோட்டம், லைன் வீடு, ஜென்ம நிலம், விடுமுறை, வீடியோ டெக், இலவச வண்ணத் தொலைக்காட்சி

பள்ளத்தாக்கும் குடியிருப்பும்

'வீட்டில் படம் பார்த்தல்' என்னும் தொடர் வீடு ஒன்று இருப்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. அவ்வீடு பார்ப்பவருக்கு உரியது, அங்கே மின்சாரம் உண்டு, பார்ப்பதற்கு ஓய்வு நேரமும் உண்டு என்பன அத்தொடருக்குள் சொல்லாமலே அடங்கிக் கிடக்கின்றன. சமவெளி நகரங்களைப் பற்றி எழுதும்போது இவற்றைத் தனியே நிறுவவேண்டிய தேவை எழுவதில்லை. ஓவேலியில் இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே சட்டத்தாலும் வழக்காலும் தீர்மானிக்கப்பட்டது.

ஓவேலி என்னும் பெயரே ஒரு தோட்ட உரிமையாளரின் பெயர்ச் சுருக்கம். 1840களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் ஆக்டர்லோனி இங்கே காப்பித் தோட்டம் தொடங்கினார். நீலகிரியை நில அளவை செய்து 1847ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய ஜான் ஆக்டர்லோனி இவருடைய உடன்பிறந்தவர். நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம உரிமையில் இருந்தது, தோட்டக்காரர்கள் குத்தகைதாரர்கள். மலபாரோடு இணைந்திருந்த இப்பள்ளத்தாக்கு 1873இல் நீலகிரியுடன் சேர்க்கப்பட்டது. காப்பி நலிந்தபின் தேயிலை பரவியது. ஆட்சி எல்லை மாறியது, பயிர் மாறியது, தோட்டத்தின் கைகள் மாறின. ஜென்மியின் நிலத்தில் குத்தகைத் தோட்டம், தோட்டத்தின் கட்டடத்தில் தொழிலாளர் குடும்பம் என்ற அடுக்கு மட்டும் நெடுங்காலம் மாறவில்லை.

அக்கட்டடமே 'லைன்'. மலையாளம் கலந்த கூடலூர் வழக்கில் அதனைப் 'பாடி' என்றும் கூறுவர். ஒரே கூரையின்கீழ்ப் பொதுச்சுவர்களால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும் அறைகள்; முன்னால் நீண்ட திண்ணை அல்லது வாசல். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 15ஆம் பிரிவின்வழி, தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு வழங்குவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அதன் பயன் பெரிது. ஆயினும் அவ்வீடு வேலையோடு கட்டுண்டது. பெயர்ப்பதிவேட்டில் பெயர் உள்ளவரையே கூரை. ஓய்வுபெறும் நாளில், குடும்பத்தில் வேறு எவரும் தோட்ட வேலையில் இல்லையெனில், வீட்டை ஒப்படைக்கவேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த அறையில் தொலைக்காட்சிப் பெட்டி குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். அது சாய்ந்து நிற்கும் சுவர் சொந்தமன்று.

ஓய்வு நாளின் கணக்கு

அதே சட்டம் ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வை உறுதிசெய்தது. வயதுவந்த தொழிலாளிக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் 30ஆம் பிரிவு அளித்தது. ஆண்டில் 240 நாள் கொழுந்து பறித்தவருக்கு 12 நாள் விடுப்பு என்பது இதன் பொருள். தேசிய, பண்டிகை விடுமுறைகளைத் தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றுடன் ஐந்து பண்டிகை நாள்களும் அதில் அடங்கின. பின்னர் மே நாளும் சேர்ந்தது. பல சமயத்தாரும் இரு மொழியினரும் வாழும் தோட்டத்தில் ஐந்து நாள் என்பது ஒரு பங்கீட்டுச் சிக்கல். பொங்கல், தீபாவளி, ஓணம், கிறித்துமசு, ரமலான், மாரியம்மன் திருவிழா என நீளும் பட்டியலிலிருந்து ஐந்தைத் தேர்ந்தாகவேண்டும். வீட்டுக் கொண்டாட்டம் என்று தோன்றுவது முதலில் அலுவலகத்தில் எண்ணப்பட்ட நாளாக இருந்தது.

பருவமும் இங்கே தலைகீழாக இயங்கியது. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியினர் உதகைக்கு விடுமுறைக்கு வருகின்றனர். 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சியைச் சுற்றியே அப்பருவம் அமைந்துள்ளது. கோடை மழைக்குப்பின் கொழுந்து மிகுந்து வரும் காலமும் அதுவே. பிறர் ஓய்வெடுக்க வரும் மாதத்தில் தோட்டத்தில் கூடுதல் கொழுந்து எடுக்கப்படுகிறது. தீபாவளியும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய அடுத்த விளைச்சலின்போதே வருகிறது. கொழுந்து குறையும் தை மாதத்தில் வரும் பொங்கல்தான், உறவினர் ஊருக்குச் சென்றுவரத் தோதான விடுமுறை.

எவர் சட்டத்திலும் இடம்பெறாத இன்னொரு விடுமுறையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் வட்டங்களில் வலுக்கும் சூன், சூலை, ஆகத்து மாதங்களில் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு அடிக்கடி விடுமுறை அறிவிக்கிறார். குழந்தைகள் வீட்டில் இருப்பர். தாயர் நெகிழித்தாளைப் போர்த்திக்கொண்டு காட்டில் கொழுந்து பறிப்பர். மழைநாளில் மரம் முறிந்து மின்கம்பி அறுவதும் இயல்பே. ஆகவே குழந்தைகள் வீட்டில் அடைபடும் நாளும் தொலைக்காட்சி இயங்காத நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்தன.

ஓய்வு நாளிலும் ஆண் பெண் வேறுபாட்டைக் கருதாமல் விடமுடியாது. கொழுந்து பறிப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வாரம் முழுவதும் சேர்ந்த துணி, விறகு, நியாயவிலைக் கடை, குழந்தைகளின் தலைக்குளியல் அனைத்தும் ஞாயிற்றுக்கிழமைக்கே ஒதுக்கப்பட்டன. சட்டம் தந்த ஒரு நாள், வீட்டுக்குள் வேறொரு வேலைநாளாக மாறியது. படம் பார்க்கும் நேரம் என்பது அவ்வேலைகளுக்குப்பின் எஞ்சிய மாலைப்பொழுது.

வாசலிலிருந்து உள்ளறைக்கு

தொலைக்காட்சிக்கு முன்பு வானொலியே குடும்பப் பொழுதுபோக்காக இருந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாத்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என வகுத்தது; 1974 உடன்பாடு மேலும் 75,000 பேரைச் சேர்த்தது. தாயகம் திரும்பியோரில் கணிசமானோர் நீலகிரித் தோட்டங்களிலும் கூடலூர்ப் பகுதியிலும் குடியேறினர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழகம் முழுவதும் திரைப்பாடல்களுக்காகக் கேட்டது. இலங்கை மலையகத்திலிருந்து வந்தோர்க்கு அக்குரல், பிறந்த மண்ணின் குரலாகவும் இருந்தது. ஒரே பாடலை இருவேறு இழப்புகளோடும் ஆசைகளோடும் கேட்ட குடும்பங்கள் ஒரே லைனில் வாழ்ந்தன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கியது. அதன் அலைகள் உடனே மலைக்கு எட்டவில்லை. மலைச்சரிவுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், ஒலிபரப்புக் கோபுரம் பெருகிய பின்னரும் அலைவாங்குதல் கடினமே. உயர்ந்த கம்பத்தில் ஆன்டெனா கட்டி, அதைத் திருப்பித் திருப்பிப் படத்தைத் தெளியவைப்பது இளைஞர்களின் பணியாயிற்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் தமிழ்ப்படம் ஆகிய இரண்டும் வாரத்தின் இரு நிலைக்கற்கள். ஞாயிறு மாலைப் படம் தோட்டச் சட்டம் தந்த வார ஓய்வோடு பொருந்திவந்தது தற்செயலே. ஆனால் அத்தற்செயல்தான் 'குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கும்' வழக்கத்தைத் தோட்டங்களில் இயலச் செய்தது.

1980களில் பரவிய வீடியோ டெக் இவ்வழக்கத்தை வேறு திசையில் நகர்த்தியது. தமிழகமெங்கும் டெக், வண்ணத் தொலைக்காட்சி, சில கேசட்டுகள் ஆகியவற்றை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தனர். மூன்று மணி நேரம் ஓடும் கேசட்டில் ஒரு தமிழ்ப்படம் ஏறத்தாழ முழுமையாக அடங்கியது. மூன்று கேசட்டு என்றால் ஓர் இரவு. திருவிழா, மஞ்சள் நீராட்டு, திருமணம் ஆகிய நாள்களில் டெக் எடுப்பது சடங்கின் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

தமிழ்நாடு அரசு 1984இல், வீடியோ கேசட் கருவிவழித் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றியது. திரையரங்குகளின் வருவாயும் படவுரிமையும் அன்றைய கவலைகள். அச்சட்டத்தின் அடிப்படையில் பொதுக்காட்சி, வீட்டுப் பார்வை என்ற பிரிவினை நிற்கிறது. லைனில் அப்பிரிவினையை எங்கே வரைவது? பெட்டி ஒருவர் வீட்டுக் கதவருகே வாசலை நோக்கி வைக்கப்படுகிறது. வாடகைப் பணம் பல வீடுகளில் திரட்டப்படுகிறது. வாசலில் அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வோர். இது வீடா, அரங்கா என்னும் வினாவுக்குச் சமவெளி வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டத்தில் தெளிவான விடை கிடைக்காது. லைன் வீட்டின் கட்டட அமைப்பே வீட்டுப் பார்வையையும் ஊர்ப் பார்வையையும் ஒன்றாக வைத்திருந்தது எனக் கொள்வது பொருத்தம்.

அவ்விணைப்பு 1993க்குப்பின் தளர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சியும் ஆகத்து மாத இறுதியில் மலையாளத்தின் ஏசியாநெட்டும் ஒளிபரப்பைத் தொடங்கின. கேபிள் இணைப்பு வந்தபின் ஒரே லைனில் தமிழ் வீடும் மலையாள வீடும் வெவ்வேறு படங்களைப் பார்க்க முடிந்தது. தீபாவளிக் காலையில் பட்டிமன்றமும் மாலையில் புதுப்படமும், ஓணத்தில் மலையாளப் படமும் எனப் பண்டிகைக்குரிய படம் என்ற ஒன்று உருவானது. தீபாவளியை ஒட்டி வழங்கப்படும் போனசு – 1965ஆம் ஆண்டு போனசுச் சட்டத்தின்படி ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு – துணிக்கும் பட்டாசுக்கும் போக எஞ்சியிருந்தால் தவணைத் தொலைக்காட்சியின் முதற்பணமாயிற்று. திரையில் அவர்கள் கண்ட மலை மட்டும் வேறாக இருந்தது. 'மூன்றாம் பிறை' (1982) முதலாக நீலகிரி காதலரின் நிலமாகவே படங்களில் வந்தது; தேயிலைச் செடி பாட்டுக்குப் பின்னணி. தோட்டத் தொழிலாளரின் துயரை மையமாக்கிய பாலாவின் 'பரதேசி' வெளிவந்தது 2013இல்தான்.

அட்டை உண்டு, இணைப்பு இல்லை

இதுவரை கூறியவை லைன் வீட்டுக்குப் பொருந்தும். லைனுக்கு வெளியே, சிறு துண்டு நிலத்தில் தாமே வீடு கட்டிக்கொண்ட குடும்பங்களின் வரலாறு வேறு. ஓய்வுபெற்றோர், தாயகம் திரும்பியோர், கேரளத்திலிருந்து வந்த குடியேறிகள் எனப் பலதரப்பட்டோர் அவர்கள்.

கூடலூர் ஜென்ம எசுடேட்டுகள் ஒழிப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1974 நவம்பர் 27இல் நடைமுறைக்கு வந்தது. ஜென்ம வனநிலங்களை அரசு மேற்கொள்ளும் பகுதியை உச்ச நீதிமன்றம் 1972இல் செல்லாததாக்கியது. 1974இல் 34ஆம் திருத்தத்தின்வழி இச்சட்டம் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கே ஐ.ஆர். கோயலோ வழக்கு, ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007 சனவரி 11இல் அளித்த தீர்ப்பு, 1973 ஏப்ரல் 24க்குப்பின் அவ்வட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்னும் அளவுகோலுக்கு உட்பட்டவை என நிறுவியது. இந்தியக் காட்டு நிருவாகத்தையே மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் (1995) இதே கூடலூர்க் காடுகளிலிருந்து எழுந்தது. மனுதாரர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். சட்ட மாணவர் இவ்வழக்குகளைக் கோட்பாட்டுக்காகப் படிக்கின்றனர். ஓவேலியில் அவை மின்கம்பத்தின் வடிவில் உணரப்பட்டன. குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவின்கீழ் முடிவுறாது கிடக்கும் நிலங்களில் கட்டிய வீடுகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாமையால் மின்னிணைப்பு மறுக்கப்பட்டது.

2006 செப்டம்பர் 15இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. பெட்டி குடும்ப அட்டையின் அடிப்படையில் வந்தது. குடிசை மின்னிணைப்பில் 40 வாட் விளக்கு ஒன்றுக்கே இருந்த அனுமதி, இப்பெட்டிக்காக மேலும் 70 வாட் வரை விரிக்கப்பட்டது. ஏழை வீட்டின் மின்கணக்கில் திரைப்படத்துக்கென அரசு ஒதுக்கிய அளவு அது. இத்திட்டத்தைத் தேர்தல் கவர்ச்சி எனத் தள்ளிவிடும் எழுத்துகள் பல. ஊர் வாசலில் நின்று பார்த்த பெண்ணும் முதியவரும் தம் வீட்டில் அமர்ந்து பார்க்கும் நிலையை அது தந்ததை அவை கணக்கிற் கொள்வதில்லை. ஆனால் 17ஆம் பிரிவு நிலத்தில் நிலைமை முரண்பட்டது. குடும்ப அட்டை 'இங்கே ஒரு குடும்பம் உண்டு' என்றது. நில ஆவணம் 'இங்கே ஒரு வீடு இல்லை' என்றது. பெட்டி முதலாவதைச் சார்ந்தது, மின்சாரம் இரண்டாவதை.

இணைப்பற்ற வீட்டார் இணைப்புள்ள வீட்டுக்குச் சென்று பார்ப்பதே முன்பிருந்த வழி. இருட்டியபின் தோட்டப் பாதையில் நடப்பதைக் காட்டு யானைகளின் நடமாட்டம் கடினமாக்கிவிட்டது. ஓவேலியில் யானை தாக்கி உயிரிழந்தோர் பலர். இரவுப் படத்துக்குக் கூட்டமாகச் சென்று திரும்பும் பழக்கம் தேய்ந்ததற்குக் கேபிளோடு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ள இடமுண்டு.

இம்முரண்பாடு பொழுதுபோக்கின் எல்லைக்குள் நிற்கவில்லை. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அரசுப் பள்ளி மாணவர்க்கு வகுப்பறையாயிற்று. பாடம் நடத்தும் கருவி சில ஆண்டுகளுக்குமுன் அரசே தந்த அதே 14 அங்குலப் பெட்டி. மின்னிணைப்பு இல்லாத வீட்டின் குழந்தைக்கு அப்பாடத்தைக் காண இணைப்புள்ள வேறொரு வீட்டின் வாசலே இடம்; பிறர் வீட்டு வாசலில் கூடுவது தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டும் அதுவே.