பால் பாக்கெட்டை அப்படியே ஃப்ரீசரில் வைக்கிறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லை, தூத்துக்குடி மக்கள் பாலுக்கே திண்டாடினாங்க. தென்காசி மாவட்டமும் அந்த மழைக்குத் தப்பலை. மலையடிவார வாசுதேவநல்லூரில் கனமழை எச்சரிக்கை வந்தா, கூடுதலா நாலு பாக்கெட் வாங்கி ஃப்ரீசரில் போடத் தோணும்.

தாராளமா போடலாம். ஆனா பாக்கெட்டோட வேண்டாம். பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர், உறையும்போது விரியும். பாக்கெட் கிழியலாம், கண்ணாடி பாட்டில் உடைஞ்சிடும். மூடியுள்ள டப்பாவில் முக்கால் அளவு மட்டும் ஊத்துங்க. மைனஸ் 18 டிகிரின்னா ஒரு மாசம் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, சில நாளிலேயே முடிச்சிடுங்க.

தேவைப்படும்போது முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாத்துங்க. வெளியே வைச்சு இளக்காதீங்க. திரிதிரியா கொழுப்பு மிதந்தா பயப்பட வேண்டாம், நல்லா குலுக்கி காய்ச்சினா போதும். 6 சதவீத கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டை விட, 3 சதவீதமுள்ள நீல பாக்கெட்டில் இது குறைவு. டீ, பாயசத்துக்கு ஓகே. வெறும் பாலா குடிச்சா ருசி கொஞ்சம் மட்டுதான்.

மழைன்னா கரண்டும் போகுமே? ஃப்ரீசரைத் திறக்காம விடுங்க. உறைய வைப்பது கிருமிகளைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். அதனால இளகின பாலை மறுபடி உறைய வைக்காதீங்க. சில்லுன்னு இருந்தா உடனே காய்ச்சிடுங்க. சூடேறி மணிக்கணக்கா ஆகியிருந்தா கொட்டிடுங்க.