நீர் இறைக்கும் திருகும் இரத்தம் இறைக்கும் பம்பும்



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு நானா மறித்தார். "சேர், தம்பிக்கு எக்கோ எடுத்துப் பார்த்தாங்க. பம்பிங் இருபது வீதம்தானாம். நெஞ்சுக்குள்ள மோட்டார் வைக்கிறாங்க என்று வெளிநாட்டில இருக்கிற மகன் சொல்றார். உண்மையா?" என்று கேட்டார். நான் வைத்தியர் இல்லை, சரித்திரம் படிப்பிக்கிறவன். அதனால் அந்த மோட்டாரின் சரித்திரத்தையே எழுதுகிறேன்.

நமது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தை இறைக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்பு. மருந்துக்கும் கட்டுப்படாமல் அந்தத் தசை பலமிழப்பதுதான் இதயச் செயலிழப்பின் இறுதிக் கட்டம்.

1966 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைத்தியர் மைக்கேல் டிபேக்கி ஒரு பெண்ணின் இதயத்துக்குத் துணையாகப் பம்ப் பொருத்தினார். பத்து நாளில் இதயம் தேறியது, பம்பைக் கழற்றினார்கள். பின்னர் வந்த பம்புகளும் இதயத்தைப் போலவே விட்டுவிட்டு அடித்தன. அளவில் பெரியவை, பாகங்களும் தேய்ந்துவிடும். அப்படியிருந்தும் 129 நோயாளிகளை வைத்துச் செய்து 2001 இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தின் பின் பம்ப் வைத்தவர்களில் 52 வீதமானோர் உயிரோடு இருந்தனர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 25 வீதம்.

இன்னொரு வழி எகிப்தில் பிறந்தது. 1976 இல் ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க வைத்தியர், எல் பயாத் கிராமத்தில் விவசாயிகள் திருகுக் குழாயைச் சுற்றி நீர் இறைப்பதைக் கண்டார். நம்மூர்த் துலாவில் தண்ணீர் வாளி வாளியாக வரும். திருகில் இடைவிடாமல் வரும். இரத்தத்தையும் அப்படி இறைக்கலாமே என்று யோசித்தார். வேகமாகச் சுழன்றால் செங்குழியங்கள் சிதைந்துவிடும் என்று பலர் மறுத்தார்கள். 1988 இல் ஹூஸ்டனில் வைத்தியர் பட் பிரேசியர் அந்தச் சிறிய பம்பை நோயாளிக்கு வைத்தார். நிமிடத்துக்குச் சுமார் 25,000 சுற்று. பயந்தது போல நடக்கவில்லை.

அந்த வழியில் வந்த ஹார்ட்மேட் 2 பம்புடன்தான் அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செய்னி 2010 முதல் 20 மாதங்கள் வாழ்ந்தார். கையைப் பிடித்தால் நாடி தெரியாது, ஆனால் ஆள் நடமாடினார். 2012 இல் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது.

நமக்குப் பக்கத்தில் சென்னையில் வைத்தியர் கே. ஆர். பாலகிருஷ்ணனின் குழு இத்தகைய பம்புகளைப் பொருத்தியிருக்கிறது. நமது நாட்டின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் கண்டியில் நடந்தது.

ஆக, நானா கேட்டது உண்மைதான். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். வயிற்றைத் துளைத்து வரும் வயரோடும் பற்றரியோடும் வாழவேண்டும். கிருமித் தொற்று, இரத்தக் கட்டி, பக்கவாதம் வரலாம். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நமக்கு, கரண்டை நம்பி வாழும் இதயம் எப்படியென்று விளங்கும். செலவும் சாதாரண குடும்பம் தாங்கக்கூடியதல்ல. காணியை விற்க முன், "இவருக்கு இது பொருந்துமா, பிறகு யார் பராமரிப்பது?" என்று இதய வைத்தியரிடம் கேளுங்கள்.

மற்றவர்கள் இன்றே பிரஷரையும் சீனியையும் பாருங்கள். அல்லாஹ் தந்த பம்பைக் காப்பாற்றுவதுதான் லேசு. அந்தத் தம்பிக்காகத் துஆச் செய்யுங்கள்.