கொங்கு நாட்டில் வழிப்போக்கர் தங்குமிடங்கள்

கொங்கு நாட்டில் வழிப்போக்கர் இரவு தங்குவதற்குச் சாவடி, சத்திரம், மடம், வண்டிப்பேட்டை, பயணியர் மாளிகை, லாட்ஜ் எனப் பலவகை இடங்கள் இருந்துவந்துள்ளன. வசதியும் வாடகையும் காலந்தோறும் மாறின. ஆனால் ஒருவருக்கு அந்த இரவு நன்றாக அமையுமா என்பதைப் பெரும்பாலும் வாசலில் கேட்கப்பட்ட கேள்வியே முடிவு செய்தது.

பெருவழியும் சாவடியும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக் கடற்கரையையும் சோழ நாட்டையும் இணைத்த பாதை கொங்கு நாட்டைக் கடந்து சென்றது. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர் அருகே ‘இராசகேசரிப் பெருவழி’ எனப் பெயர் பொறித்த சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. மாட்டுவண்டிப் பயணத்தில் வழியில் பல இரவுகள் தங்க வேண்டியிருந்தது. அதன் தடம் ஊர்ப்பெயர்களில் இன்றும் உண்டு. கோவையிலிருந்து வாளையாறு செல்லும் சாலையில் கந்தேகவுண்டன் சாவடியும், பழனிக்குக் கிழக்கே ஒட்டன்சத்திரமும் இருக்கின்றன.

சாவடியில் கூரையும் திண்ணையும் கிடைக்கும். உணவு அவரவர் பாடு. சந்தைக்கு வந்த வண்டிக்காரர்கள் வண்டிப்பேட்டையில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, தண்ணீர் காட்டி, வண்டியிலோ அதன் அடியிலோ படுத்துக்கொண்டனர்.

சத்திரத்தின் இரு முகங்கள்

சத்திரம் கட்டுவது பெரிய அறமாகக் கருதப்பட்டது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் (1689–1706) சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்காக இன்றும் நினைக்கப்படுகிறார். களைத்து வந்தவருக்குக் காசில்லாமல் இடமும் சோறும் கிடைத்தது அதன் நல்ல முகம்.

மற்றொரு முகம் சாதி. பல சத்திரங்களில் பந்தியும் தங்கும் இடமும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஒடுக்கப்பட்டோருக்குக் கதவே திறக்கவில்லை. ஈரோட்டைச் சேர்ந்த பெரியார் 1904இல் காசிக்குச் சென்றபோது, பிராமணர் அல்லாதவர் என்பதால் சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டு, எச்சில் இலையில் மிஞ்சியதை உண்டார் என அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அச்சத்திரத்தைக் கட்டியவரும் பிராமணர் அல்லாத வணிகரே என்பதையும் அவை குறிப்பிடுகின்றன.

ரயில் வந்த பின்

ரயில் பாதை 1862இல் போத்தனூரையும், 1873இல் கோவை வழியாக மேட்டுப்பாளையத்தையும் எட்டியது. பயணியர் மாளிகைகள் முதன்மையாக அரசு அலுவலர்களுக்கும் ஐரோப்பியருக்கும் பயன்பட்டன. எல்லோரும் ஒரே ரயிலில் வந்தாலும், நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1941இல் தென்னிந்திய ரயில்வேயில் இந்தப் பிரிவினை கைவிடப்பட்டது.

சட்டம் திறந்த கதவு

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, மதம், சாதி, பாலினம் முதலியவற்றைக் காட்டி எவரையும் உணவகத்திலிருந்தோ ஓட்டலிலிருந்தோ விலக்கக்கூடாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், ஓட்டலையும் பொதுச் சத்திரத்தையும் மட்டுமல்லாமல், அங்கு பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்ட பாத்திரங்களையும் குறிப்பிட்டது. அறையில் இடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குவளையைத் தனியே வைப்பதும் விலக்குவதே என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது. ஆயினும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை கொங்கு மாவட்டங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

லாட்ஜ் காலம்

1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் கோவையில் நூற்பாலைகள் பெருகின. வேலைக்கும் வியாபாரத்துக்கும் வருவோர் கூடினர். பின்னர் ரயில் நிலையத்தையும் காந்திபுரம் பேருந்து நிலையத்தையும் சுற்றி லாட்ஜுகள் நிறைந்தன. சத்திரம் கேட்காத வாடகையை லாட்ஜ் கேட்டது. சத்திரம் கேட்ட சாதியை அதன் பதிவேடு கேட்கவில்லை. வெளுத்த விரிப்பு, குழாயில் தண்ணீர், சரியாக விழும் தாழ்ப்பாள் ஆகியவையே நல்ல அறைக்கு அடையாளமாயின.

ஆனால் கேள்விகள் முற்றிலும் ஓயவில்லை. 2019இல் கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தனர். திருமணமாகாத ஆணும் பெண்ணும் அங்கு ஓர் அறையில் தங்கியிருந்தது காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அவ்வாறு தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறிய சென்னை உயர் நீதிமன்றம், சீலை அகற்ற அவ்வாண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. சாவடித் திண்ணையில் படுத்த வண்டிக்காரரிடம் எவரும் கேட்டிராத சான்றுகளை, வாடகை கொடுத்துத் தங்குவோர் இன்றும் சில இடங்களில் காட்ட வேண்டியிருக்கிறது.