மலர்கள் எங்கே? - ஓர் அமைதிப் பாடலின் தோற்றமும் வாழ்வும்

போரைப் பாடிய புலவர் எம்மொழியிலும் பலர். அமைதியைப் பாடியோர் மிகச் சிலரே. போருக்குத் தலைவன் உண்டு, வெற்றி தோல்வி உண்டு. ஆதலின் பாடுதற்குரிய கதையும் உண்டு. அமைதிக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. அமைதியைப் பாடப் புகுந்தோர் பலர் அறவுரை கூறுதலோடு நின்றுவிட்டமைக்கு இதுவே காரணமாகும். அறவுரை கேட்கும்போது இனிக்கும், கேட்டபின் மறக்கும். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த அமைதிப் பாடல்களுள் இக்குறைக்குத் தப்பி, பல நாடுகளிற் பல மொழிகளிற் பாடப்பட்டு இன்றும் நிலைத்திருப்பது, அமெரிக்க நாட்டுப்பாடகர் பீற் சீகர் 1955ஆம் ஆண்டில் இயற்றிய 'மலர்களெல்லாம் எங்கே போயின' என்னும் பாடலாகும். ஐந்தே சிறு பகுதிகளைக் கொண்ட இப்பாடலில் எந்தப் போரின் பெயருமில்லை. எந்த நாட்டின் மீதும் பழியில்லை. இது எங்கே பிறந்தது, யார் யார் கைப்பட்டு வளர்ந்தது, எதனால் அமைதிப் பாடலாயிற்று என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

பாடலின் வேர் அமெரிக்காவில் இல்லை; உருசிய நாட்டின் தெற்கே டொன் நதிக்கரையில் வாழ்ந்த கொசாக்கு மக்களிடையே உள்ளது. கொசாக்கியர் உழவுத் தொழிலோடு படைத் தொழிலையும் குலக்கடமையாகக் கொண்டவர். ஆண்மகன் உரிய வயதையடைந்ததும் தன் சொந்தக் குதிரையோடு சார் மன்னனின் படைக்குச் செல்லுதல் வேண்டும். இம்மக்களின் வாழ்வை மிகயில் ஷோலகொவ் தமது 'அமைதியான டொன்' என்னும் பெருநாவலிற் சித்திரித்தார். 1928 முதல் 1940 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்நாவல், முதலாம் உலகப்போர், புரட்சி, உள்நாட்டுப் போர் ஆகிய மூன்றினாலும் ஒரு குடும்பம் அழிந்தவாற்றைக் கூறுவது. இதன் ஆசிரியர்க்கு 1965இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாவலின் தொடக்கத்தில், போர் இன்னும் வராத காலத்தில், அக்குடும்பத்து மருமகள் தார்யா தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். அது வினாவும் விடையுமாகச் செல்வது. குதிரை எங்கே என்றால் வாயிலுக்கு அப்பால் நிற்கிறது. வாயில் எங்கே என்றால் வெள்ளம் கொண்டுபோயிற்று. வாத்துக்கள் எங்கே என்றால் நாணற்புதரிற் புகுந்தன. நாணல் எங்கே என்றால் கன்னியர் அரிந்துவிட்டனர். கன்னியர் எங்கே என்றால் கணவரை அடைந்தனர். கொசாக்கியர் எங்கே என்றால் போருக்குச் சென்றனர். இவ்வளவே பாட்டின் பொருள். இதில் அழுகையில்லை, எதிர்ப்பும் இல்லை. வெள்ளம் வாயிலைக் கொண்டுபோவது போலவே போர் ஆடவரைக் கொண்டுபோகிறது என்பது அம்மக்களுக்கு இயல்பான செய்தி. தொட்டிலிற் கிடக்கும் ஆண்குழந்தையும் ஒருநாள் அவ்வழியே செல்லவேண்டியவன் என்பதைத் தாலாட்டு வெளிப்படக் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. நாவல் முடிவதற்குள் அவ்வீட்டாருட் பெரும்பாலோர் மாண்டுபோகின்றனர்.

இத்தாலாட்டின் வரிகள் மூன்றனைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவர் பீற் சீகர். 1919ஆம் ஆண்டு பிறந்த இவர், இசையாராய்ச்சியாளர் சாள்ஸ் சீகரின் மைந்தர். காவாட் பல்கலைக் கழகப் படிப்பை இடையில் விட்டு, பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியோடு நாட்டுப் பாடல்களைத் தேடித் திரிந்தவர். 'வீவேர்ஸ்' என்னும் குழுவோடு இவர் பாடிய பாடல்கள் 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவெங்கும் புகழ் பெற்றன. ஆயின், பொதுவுடைமைக் கட்சியோடு தொடர்புடையோரைத் தேடித் துன்புறுத்திய காலம் அது. சில ஆண்டுகளுக்குள் அக்குழுவினர்க்கு வானொலியும் தொலைக்காட்சியும் அரங்குகளும் கதவடைத்தன. 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சீகர் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக்குழு முன் அழைக்கப்பட்டார். தம்மையே குற்றவாளியாக்கும் வினாவுக்கு விடையளிக்க மறுக்கலாம் என்னும் சட்டவிதியின் காப்பினை அவர் நாடவில்லை. ஒருவரது நம்பிக்கைகளையும் நட்புக்களையும் வினவும் உரிமை அக்குழுவுக்கு இல்லை எனக் கூறி மறுத்தார். இதனால் 1957இல் அவர்மீது காங்கிரசை அவமதித்த குற்றம் சாட்டப்பட்டது.

பெரிய அரங்குகள் மூடப்பட்டமையால் அவருக்குக் கல்லூரிகளே புகலிடமாயின. சிறு ஊதியத்துக்கு ஊரூராய்ச் சென்று மாணவர்க்குப் பாடி அவர் வாழ்ந்தார். 1955இல் ஒகாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரிக்கு விமானத்திற் செல்கையில், குறிப்பேட்டிலிருந்த கொசாக்கு வரிகளை அவர் மீண்டும் நோக்கினார். மலர், கன்னியர், ஆடவர் என்னும் மூன்றையும் வைத்து மூன்று பகுதிகள் உருவாயின. மலர்களைக் கன்னியர் கொய்தனர். கன்னியர் கணவரை அடைந்தனர். ஆடவரோ படையுடை அணிந்தனர். ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும், மனிதர் எக்காலத்துக் கற்றுக்கொள்வர் என்னும் கருத்தமைந்த வினாவொன்றை அவர் சேர்த்தார். மெட்டும் தாமே அமைத்தது என்றே அவர் எண்ணியிருந்தார். அது அயர்லாந்து வழிவந்த அமெரிக்க மரந்தறிப்போர் பாடிய பழைய தொழிற்பாடல் ஒன்றின் மெட்டென்பது பின்னரே தெளிந்தது. உருசியத் தாலாட்டும் அமெரிக்கத் தொழிற்பாடலும் இவ்வாறு ஒருவர் நெஞ்சில் அவரறியாமலே கலந்தன. அவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று அணுகுண்டால் அச்சுறுத்திக்கொண்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்று பகுதிகளோடு நின்ற அப்பாடலைச் சீகர் பெரிதாகக் கருதவில்லை. சில காலம் பாடிவிட்டுக் கைவிட்டார். அதனை நிறைவு செய்தவர் நாட்டுப்பாடல் ஆராய்ச்சி மாணவரான ஜோ ஹிக்கர்சன். இவர் 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் மேலும் இரண்டு பகுதிகளைச் சேர்த்தார். படைவீரர் எங்கே எனின் இடுகாட்டில். இடுகாடு எங்கே எனின் மலர்களால் மூடப்பட்டது. இதன்பின் முதற்பகுதி மீண்டும் வருகிறது. அவ்வாண்டுக் கோடையில் நியூயோர்க் மாநிலத்துச் சிறுவர் முகாமொன்றில் ஹிக்கர்சன் இதனைக் கற்பித்தார். அங்கே சிறுவர் வாயிற் பயின்று தாளக்கட்டும் பெற்று, பாடல் நகரங்களுக்குப் பரவியது. தாம் விட்ட பாடல் வளர்ந்து திரும்பியதைக் கண்ட சீகர் புதிய பகுதிகளை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டதுடன், உரிமைப்பணத்தில் ஹிக்கர்சனுக்கும் ஒரு பங்கு கிடைக்கச் செய்தார்.

இவ்விரு பகுதிகளால் நேர்ந்த மாற்றம் சிறிதன்று. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவதைத் தமிழ் இலக்கணநூலார் அந்தாதி என்பர். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி முதலாக நம் இலக்கியத்தில் இவ்வமைப்புப் பெருவழக்காக உள்ளது. இறுதிச் செய்யுளின் ஈறு முதற்செய்யுளின் தொடக்கத்தோடு சென்று பொருந்துவதை மண்டலித்தல் என்பர். தமிழ் மரபோடு எத்தொடர்புமின்றி எழுந்த இவ்வமெரிக்கப் பாடலும் சொல்லளவில் அன்றிப் பொருளளவில் அந்தாதியாய்த் தொடர்ந்து மண்டலித்து முடிகிறது. கொசாக்குத் தாலாட்டு போரோடு முடிவது; அது ஒரு நேர்கோடு. சீகரின் மூன்று பகுதிகளும் படையுடையோடு நின்றன. ஹிக்கர்சன் அக்கோட்டை வளைத்து வட்டமாக்கினார். அவ்வாறாகவே, முதலிற் கன்னியர் கொய்த மலர்கள் எம்மண்ணில் மலர்ந்தவை என்னும் ஐயம் கேட்போர் நெஞ்சில் எழுகிறது. முற்தலைமுறையின் புதைகுழிமேற் பூத்தவற்றையே பிற்தலைமுறை சூடுகிறது. அத்தலைமுறையும் அவ்வழியே செல்கிறது.

வட்டம் மட்டும் இருந்திருந்தால் இது அமைதிப் பாடலன்று. விதியை நொந்து பாடிய புலம்பலே. வட்டத்துக்கு வெளியே நிற்பது ஒன்றே உண்டு: பகுதிதோறும் மீண்டு வரும் அவ்வினா. பிற வினாக்களுக்கெல்லாம் உடனே விடை கிடைக்கிறது. மனிதர் எக்காலத்துக் கற்பர் என்ற வினாவுக்கு மட்டும் விடையில்லை. கற்றுக்கொள்ளுதல் கூடும் என்று எண்ணுபவனே அதனைக் கேட்பான். தாலாட்டிற் போர் வெள்ளம் போன்ற இயற்கை நிகழ்ச்சி. சீகரின் வினா அதனை மனிதர் செய்கையாகவும் மனிதரால் நிறுத்தத்தக்கதாகவும் மாற்றியது. இப்பாடல் அமைதிப் பாடலானது இவ்விடத்திலேயே என்க.

1961இல் 'கிங்ஸ்ரன் மூவர்' என்னும் குழுவினர் இதனை இசைத்தட்டாக வெளியிட்டனர். பழம்பாடலென எண்ணித் தம் பெயரையே ஆக்கியோர் பெயராக இட்ட அவர்கள், உண்மை அறிவிக்கப்பட்டதும் அதனை நீக்கினர். அத்தட்டு 1962இன் தொடக்கத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 21ஆம் இடத்தை எய்தியது. பீற்றர், போல், மேரி என்னும் மூவரும் அவ்வாண்டிலேயே தம் முதல் இசைத்தொகுப்பில் இதனைச் சேர்த்தனர். பாடல் வீடுதோறும் ஒலித்த அந்நாட்களில் அதனை இயற்றியவர் சிறைத்தண்டனையை எதிர்நோக்கியிருந்தார். 1961இற் சீகர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டார். 1962 மே மாதத்தில் மேன்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. எனினும் நாடளாவிய தொலைக்காட்சி நிலையங்கள் 1967 வரை அவரை ஏற்கவில்லை.

வியற்நாமிய போருக்கு எதிராகவே இப்பாடல் எழுந்ததெனப் பலர் கருதுவர். அமெரிக்கத் தரைப்படைகள் பெருமளவில் அந்நாட்டிற் சென்றிறங்கியது 1965இல்; பாடல் அதற்குப் பத்தாண்டு மூத்தது. அப்போரை நேராகத் தாக்கிச் சீகர் இயற்றிய பாடல் வேறொன்று உண்டு. மூடத்தலைவன் ஒருவனால் ஆற்றுச் சேற்றில் அமிழும் படையைப் பற்றிய அப்பாடலை 1967இல் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பாது வெட்டியது. அடுத்த ஆண்டே அது மக்களை அடைந்தது. அன்று அதன் வேகம் பெரிது. ஆயினும் அது அக்காலத்தோடும் அத்தலைவரோடும் பிணைந்தது. மலர்ப்பாடலோ எப்போரையும் சுட்டாமையால் எப்போர்க்கும் உரியதாயிற்று.

இதன் உண்மை செருமானிய மண்ணிலே நன்கு விளங்கியது. நடிகை மார்லின டீற்றிச் பேர்லினிற் பிறந்தவர். 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, இட்லருக்கு எதிராகப் போரிட்ட படைகளுக்கு முன் பாடியவர். 1960இல் அவர் தாயகம் திரும்பிப் பாடியபோது, துரோகியெனத் தூற்றி வெளியேறச் சொன்னோரும் இருந்தனர். அவரே 1962இல் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துக்கான நிகழ்ச்சியில் இப்பாடலைப் பிரெஞ்சு மொழியிற் பாடினார். அவ்வாண்டே செருமானிய மொழியிலும் இசைத்தட்டில் வெளியிட்டார். செருமானிய வடிவத்தை ஆக்கிய மக்ஸ் கொல்பெற், 1933இல் நாட்டைவிட்டு வெளியேறிய யூத எழுத்தாளர். நாடு துறந்த இருவர், தம்மைத் துரத்திய நாட்டின் மொழியில், அந்நாட்டார் இழந்த மைந்தரைப் பற்றிக் கேட்கின்றனர். குற்றம் சாட்டும் பாடலாயின் அதனைக் கேட்போர் செவியை மூடியிருப்பர். இதுவோ வினவுகிறது, விடையை அவரவர் குடும்பத்துப் புதைகுழிகள் அளித்தன. போர் முடிந்து 17 ஆண்டே கழிந்திருந்த அந்நாட்டில் இப்பாடல் தாய்மொழிப் பாடல்போல் வேரூன்றியது. அமெரிக்கப் பாடகி யோன் பாயஸ் 1965இல் தம் தொகுப்பொன்றில் இதனைச் செருமானிய மொழியிலேயே பாடிச் சேர்த்தமை இதன் செல்வாக்கைக் காட்டும்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே மெட்டு விளையாட்டரங்கிலும் ஒலித்தது. கிழக்குச் செருமனியின் கத்தரீனா விற் 1984இல் யூகோசிலாவிய நகராகிய சரயேவோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியிற் பனிச்சறுக்கு நடனத்துக்குப் பொற்பதக்கம் பெற்றவர். 1992இல் அந்நகர் முற்றுகையிடப்பட்டது. ஒலிம்பிக் அரங்கை அடுத்த நிலம் இறந்தோரைப் புதைக்கும் இடமாயிற்று. 1994இல் நோர்வேயின் லில்லஹாமர் நகரப் போட்டியில் விற் மீண்டும் களமிறங்கி, சரயேவோவை நினைவுகூர்ந்து இப்பாடலின் இசைக்கு ஆடினார். அவர் பெற்றது ஏழாம் இடம். ஆயினும் அவ்வாண்டுப் போட்டிகளில் பலர் நெஞ்சில் நின்றது அவ்வாட்டமே. இடுகாடும் மலரும் பற்றிப் புளூமிங்டனில் எழுதப்பட்ட வரிகள், அவற்றை எழுதியவர் காணாத நகரொன்றின் விளையாட்டு மைதானத்தில் மெய்யாகிவிட்டன.

இத்தகைய பாடல் எந்தப் போரையாவது நிறுத்தியதா என வினவுவோர் உளர். நிறுத்தவில்லை என்பதே நேர்மையான விடை. பாடல் தோன்றிய பின்னரும் வட்டம் பலமுறை சுழன்றுவிட்டது. தாலாட்டுப் பிறந்த டொன் நதியை அடுத்த நிலங்களிலும் 2014 முதல் மீண்டும் போர் மூண்டது. ஆனால் பாடலின் பணி படைகளைத் தடுப்பதன்று. போர் மழையும் வெள்ளமும் போல் வருவதே என்று மக்கள் மனம் அமையும்போது, அவ்வமைவைக் குலைப்பதே அதன் பணி. தார்யாவின் தொட்டிலருகே கேட்கப்படாதிருந்த ஒரு வினாவை அது கேட்டது. சீகர் 2014 சனவரியில், தமது 94ஆம் வயதில் மறைந்தார். பெயரறியாத கொசாக்குத் தாயரும் மரந்தறிப்போரும் தந்ததை அவர் கோத்தார். ஒரு மாணவர் அதனை வட்டமாக்கினார். ஒரு முகாமின் சிறுவர் தாளம் கொடுத்தனர். நாடு துறந்தோர் அதனைப் பகைவர் மொழியிற் பெயர்த்தனர். ஒருவர் உடைமையாகாது பலர் கைமாறி வந்தமையால், விடையில்லாத அவ்வினாவும் பாடுவோர் ஒவ்வொருவருக்கும் உரியதாகிறது.