நிரம்பிக் காட்டிய முள்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு படித்தவர். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபின், பொழுதுபோக்காக 1976ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபோர்ட் எஃப்-100 பிக்கப் ஒன்றை வாங்கித் திருத்திக்கொண்டிருக்கிறார். இயந்திரம் ஓடுகிறது, பிறேக் பிடிக்கிறது, வர்ணமும் பூசியாயிற்று. எரிபொருள் மானி மட்டும் சொற்கேட்க மறுக்கிறது. தாங்கிக்குள் இருக்கும் மிதவைக் கருவி பழுதென்று கண்டு, எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ஒன்றை வாங்கிப் பூட்டினாராம். தாங்கி நிறையப் பெற்றோல் அடித்த பின்னரும் முள் பாதியைத் தாண்டவில்லை.

"மச்சான், அந்த மொறிஸ் பிக்கப்பிலை இடம்பெயர்ந்தவன் நீ. இந்தச் சனியனைப் பற்றி உனக்குத்தான் விளங்கும்" என்றார்.

விளங்கும்தான். ஆனால் விளங்கியது காலம் கடந்த பின்னர். அதைச் சொல்வதற்கு முன்னர், இந்தச் சிறு கருவி எப்படி வாகனங்களுக்குள் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1925 ஏப்ரலில் ஃபோர்ட் நிறுவனம் தனது மொடல் ரி காரின் பின்புறத்தில் ஓர் உருக்குப் பெட்டியைப் பொருத்தி, 281 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. ஃபோர்ட் தொழிற்சாலையிலிருந்து பிக்கப்பாகவே வெளிவந்த முதல் வாகனம் அதுதான். அதில் எரிபொருள் மானி என்று எதுவும் இல்லை. சாரதியின் இருக்கைக்கு அடியில் தாங்கி. எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, அளவு குறித்த மரக்குச்சியை உள்ளே விட்டு, நனைந்த உயரத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெயை இயந்திரத்துக்கு ஏற்றப் பம்பும் இல்லை. அது தன் பாரத்தால் வழிந்தே போகவேண்டும். தாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே சாரதிகள் வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே மேட்டில் ஏற்றினார்கள். குச்சி விட்டுப் பார்க்கச் சோம்பிய சாரதிக்குத் தாங்கியின் நிலைமையை மேடு சொல்லிக் கொடுத்தது.

1927இன் இறுதியில் வந்த மொடல் ஏ காரில் தாங்கியைச் சாரதியின் முழங்காலுக்கு முன்னால், முன்கண்ணாடியின் கீழே வைத்தார்கள். தாங்கிக்குள் மிதக்கும் மிதவையே சாரதியின் கண்முன்னால் உள்ள மானியை நேரடியாக அசைத்தது. இடையில் கம்பியோ மின்சாரமோ இல்லாதபடியால் பொய் சொல்ல வழியும் இல்லை. மடிக்கு முன்னால் பல கலன் பெற்றோலை வைத்துக்கொண்டு ஓடுவதில் இருந்த ஆபத்து வேறு விடயம்.

தாங்கி வாகனத்தின் பின்புறத்துக்குப் போனபோதுதான் சிக்கல் ஆரம்பமானது. பின்னால் இருக்கும் எண்ணெயின் செய்தியை முன்னால் இருப்பவருக்குக் கொண்டுவர ஒரு தூதன் தேவைப்பட்டான். 1930களின் தொடக்கத்தில் சில அமெரிக்க வாகனங்களில் மெல்லிய குழாயொன்றின் வழியே காற்றழுத்தம் வந்து, முன்பலகையிலுள்ள கண்ணாடிக் குழாயில் சிவப்புத் திரவத்தை உயர்த்தியது. குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும் கணக்குப் பிழைத்தது. ஈற்றில் மின்கம்பியே வென்றது.

எங்கள் ஊர்க் கராஜ்களில் 'ராங் யூனிற்' என்று சொல்லப்படும் கருவி இந்தத் தூதன்தான். ஒரு மிதவை, அதைத் தாங்கும் மெல்லிய கை, கையின் மறுமுனை உராய்ந்து செல்லும் ஒரு தடைக் கம்பிச் சுருள். இவ்வளவே. எண்ணெய் ஏற மிதவை ஏறும், மின்தடை மாறும், மானியின் முள் அசையும். மிதவை ஆரம்பத்தில் தக்கையில் செய்யப்பட்டு அரக்கு பூசப்பட்டது. அரக்குக் கரைந்தால் தக்கை எண்ணெய் குடித்து அமிழ்ந்துவிடும். பின்னர் பித்தளையிலும், அதன் பின்னர் பிளாஸ்திக்கிலும் செய்தார்கள்.

மானியிலோ இரண்டு சாதிகள் உண்டு. பழைய சாதியில் இரு காந்தச் சுருள்கள் முள்ளை இருபுறமும் இழுக்கும். அது துடிப்பானது. வளைவில் திரும்பும்போது எண்ணெய் அலைந்தால் முள்ளும் அலையும். அந்த வகையில் தாங்கி வெறுமையானால் தடை ஏறக்குறைய சுழியம், நிறைந்தால் அதிகம். மற்றச் சாதியில் ஈருலோகத் தகடொன்று மின்சாரத்தால் சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளும். அது நிதானமானது, அலையாது. மின்னழுத்தம் மாறாமல் இருந்தால்தான் சரியாகக் காட்டும் என்பதால் ஒரு சீராக்கியும் வேண்டும். இங்கே கணக்குத் தலைகீழ். தாங்கி நிறைந்தால் தடை குறைவு, வெறுமையானால் அதிகம்.

இதில் ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கம்பி அறுந்துபோனால் ஈருலோகத் தகட்டு மானி வெறுமை என்று காட்டும். சாரதி பயந்து எண்ணெய் அடிப்பார். சுருள் மானியோ நிறைந்திருக்கிறது என்று காட்டும்.

பிரித்தானியக் கார்களில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மானிகளே பெரும்பாலும் இருந்தன. 1960களின் நடுப்பகுதி வரை சுருள் வகை. தாங்கிக் கருவியின் தடை வெறுமைக்குச் சுழியத்திலிருந்து நிறைவுக்குச் சுமார் 70, 80 ஓம் வரை. அதன் பின்னர் தகட்டு வகை வந்தது. வெறுமைக்குச் சுமார் 240 ஓம், நிறைவுக்குச் சுமார் 20. வெளிப்பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும்.

இனி எங்கள் பிக்கப். நான் பயிற்சி நிருபராகச் சேர்ந்த பத்திரிகைக்கு 1950களின் மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று இருந்தது. கால் தொன் பாரம் ஏற்றவென 1953இல் அறிமுகமான வகை. பத்திரிகைக் கட்டுகளைப் பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் கொண்டு போனது அதுதான். அதில் எரிபொருள் மானி தனியாக இராது. முன்பலகையின் நடுவே உள்ள பெரிய வேகமானியின் வட்டத்துக்குள்ளேயே சிறு முள்ளாக இருக்கும். நான் சேர்வதற்கு முன்னரே அதன் தாங்கிக் கருவி உக்கிப் போய், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி வேறொன்றை வாங்கிப் பூட்டியிருந்தார்கள். திருகாணித் துளைகள் பொருந்தின. மிதவையின் கை நீளமும் பொருந்தியது. வேறென்ன பார்க்க வேண்டும்?

பூட்டப்பட்டது பிந்திய சாதி, மானியோ பழையது. தாங்கி நிரம்பும்போது 20 ஓம். பழைய மானி அதைக் கால்வாசி என்று வாசித்தது. பாதியளவுக்கு இறங்கும்போது தடை எண்பதை நெருங்க, முள் 'எஃப்' என்ற எழுத்துக்கு ஏறியது. அதன் பின்னர் கடைசிச் சொட்டு வரைக்கும் அது அங்கிருந்து அசையவே இல்லை. எங்கள் சாரதி ஐயாவுக்கு ஓமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் "முள்ளு நிரம்பிக் காட்டினால் பயப்பட வேணும் தம்பி" என்பார். பழைய சைக்கிள் பிறேக் கம்பி ஒன்றை இருக்கைக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தார். அதைத் தாங்கியின் வாய்க்குள் விட்டு, நனைந்த இடத்தை விரலால் அளப்பார்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, வானொலிக்குப் போடும் மின்கலமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். பாடசாலைக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகியது. பழைய பிரித்தானியக் கார்கள்தான் எங்களைக் காப்பாற்றின. சிறிதளவு பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகை. அக்காலத்தில் தாங்கியை நிரப்ப எவருக்கும் வக்கில்லை. எங்கள் பிக்கப்பின் தாங்கி பாதிக்கு மேல் போனதே கிடையாது. ஆகவே முள் வருடக்கணக்காக நிரம்பியே நின்றது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்த மாலை. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி நகர்ந்தார்கள். சாரதி ஐயா தன் குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார். அச்சுக்கோப்பாளர் ஒருவருக்கு வாகனம் ஓட்டத் தெரியும். பிழைதிருத்துநரின் வயதான தாயாரை முன்னால் ஏற்றினோம். பின்னால், பத்திரிகையின் முப்பது ஆண்டுக் கோவைகளை அடுக்கினோம். இடம் போதவில்லை. மண்ணெண்ணெய் நிறைந்த கான் ஒன்று இருந்தது. அச்சுக்கோப்பாளர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தேன்.

"நிரம்பிக் கிடக்கண்ணை. கானைப் பின்னாலை வாறவைக்கு விடுவம்" என்று சொன்னவன் நான்.

சாரதி ஐயாவின் எச்சரிக்கை அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. கானை இறக்கிய இடத்தில் மேலும் இரண்டு ஆண்டுகளின் கோவைகளை ஏற்றினோம்.

மழை பெய்தது. மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாகவே வாகனங்கள் ஊர்ந்தன. நிறுத்தினால் மீண்டும் உயிர்ப்பிக்கப் பெற்றோல் இல்லை என்பதால் இயந்திரத்தை அணைக்கவும் முடியாது. பாலத்தைக் கடந்து, கைதடிக்குச் சற்று முன்னால் இயந்திரம் இருமியது, நின்றது. அப்போதும் முள் நிரம்பியே காட்டியது. பின்னால் வந்தவர்கள் தள்ளி வீதியோரம் ஒதுக்கிவிட்டுப் போனார்கள். அந்த அம்மாவை ஒரு சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தோம். கோவைகளில் மூன்றைத் தூக்க முடிந்தது. மீதியை வளவொன்றின் மாட்டுக் கொட்டிலில் வைத்து ஓலையால் மூடினோம்.

1996இல் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது அந்த வளவுக்குப் போனேன். கொட்டிலின் கூரை இல்லை. கோவைகள் இருந்த இடத்தில் கறையான் புற்றும் கறுத்த கூழும் இருந்தன. பிக்கப்பின் சில்லுகளையும் இயந்திரத்தையும் எவரோ கொண்டுபோய்விட்டார்கள். வேகமானி மட்டும் முன்பலகையில் இருந்தது. கழற்றி எடுத்து வந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, பழைய கார்களில் ஆர்வமுள்ள கொழும்பு மின்திருத்துநர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பிக்கப்புக்கு என்ன நடந்திருக்கும் என்று கடதாசியில் கோடு போட்டுக் காட்டினார். 20, 80, 240 என்று மூன்று எண்களை எழுதினார். ஒரு சோதனைமானியும் அதற்குள் போட ஒரு மின்கலமும் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம் என்றார். தடைப்பட்டியலில் மின்கலமும் இருந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

நண்பரின் ஃபோர்ட்டுக்கு வருவோம். அந்த நிறுவனம் 1980களின் நடுப்பகுதி வரை தன் மானிகளுக்கு வெறுமைக்கு 73 ஓம், நிறைவுக்கு 10 ஓம் என்ற கணக்கை வைத்திருந்தது. பின்னர் திசையையே மாற்றி, வெறுமைக்கு 16, நிறைவுக்கு 158 என்று ஆக்கியது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1964 வரை 0 முதல் 30. 1965 முதல் 0 முதல் 90. ஜேர்மனியின் விடிஓ கருவிகளில் பெரும்பாலும் 10 முதல் 180. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று அமெரிக்காவில் விற்கப்படுவது, வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33. நண்பர் வாங்கியது இதைத்தான். ஃபோர்ட் மானிக்கு 33 ஓம் என்றால் தாங்கி பாதிகூட இல்லை என்று அர்த்தம். அவர் எவ்வளவு நிரப்பினாலும் முள் அதற்குமேல் ஏறாது.

கருவியை வாங்குமுன் மானியைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். தாங்கியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, ஒரு கணம் மட்டும் வண்டியின் உடம்பில் தொட்டுப் பார். முள் நிறைவை நோக்கிப் போனால் தகட்டுச் சாதி. வெறுமையை நோக்கிப் போனால் சுருள் சாதி. பிறகு புதுக் கருவியின் கையை மேலும் கீழும் அசைத்து ஓம் அளந்து பார். தாங்கியின் ஆழத்தையும் மறவாதே. எஃப்-100 வகையில் 1972 வரை தாங்கி இருக்கைக்குப் பின்னால் இருந்தது, 1973இல் கீழே போனது. எண் பொருந்தினாலும் முந்தியதின் கை உன் தாங்கிக்குப் பொருந்தாது. தாங்கி துருப்பிடித்தோ புதிதாக வர்ணம் பூசப்பட்டோ இருந்தால் புவிக்கம்பி ஒன்றைத் தனியாக இழுத்துவிடு.

மூன்று வாரம் தேடி, 73 முதல் 10 வரையான ஒன்றைப் பழைய ஃபோர்ட் உதிரிப்பாகக் கடையில் கண்டெடுத்தாராம். நேற்று மீண்டும் அழைத்தார். தாங்கியை நிரப்பியதும் முள் 'எஃப்'இல் போய் நின்றது என்று குழந்தை போல மகிழ்ந்தார்.

"கம்பி விட்டுப் பார்த்தனியா?" என்று கேட்டேன்.

"பார்த்திட்டன் மச்சான். கழுத்து மட்டும் கிடக்கு" என்றார்.