முதல் மாதத்து அளவுகோல்: அகதிகளுக்கான பொது நிதி பங்கிடப்பட்ட வரலாறு

1971 நவம்பரில் இந்தியா முழுவதும் அஞ்சலில் ஒரு புதிய கட்டாயம் வந்தது. வழக்கமான தபால்தலையோடு, அகதி நிவாரணத்துக்கென்று 5 காசுத் தலை ஒன்றையும் சேர்த்து ஒட்ட வேண்டும். புதிய தலை அச்சாகும்வரை காத்திருக்க நேரமில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே நிவாரண வாசகத்தை அச்சடித்து விற்றார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்திருந்த ஆண்டு அது. எல்லையைக் கண்ணால் காணாத தமிழ்நாட்டு ஊர்களான ராயப்பன்பட்டியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கடிதம் போட்டவர்கள்கூட 1973 மார்ச் வரை அந்தப் பொது நிதியில் பங்காளிகளாக இருந்தார்கள். இப்படித் திரட்டிய கதை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. பங்கிட்ட கதைக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்குச் செலவான பணத்தை அந்தக் கோணத்தில் பின்தொடர்ந்தால், பணம் போதாமல் போனதைவிடப் பெரிய குறை ஒன்று தென்படுகிறது. வந்து இறங்கிய முதல் மாதத்தின் தவிப்புக்காக வகுத்த அளவுகோலை, தலைமுறை மாறிய பிறகும் மாற்றாமல் வைத்திருந்ததே அந்தக் குறை.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் 1987 வரை 1,34,053 பேர் வந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. 1989-க்கும் 1991-க்கும் இடையே மேலும் 1,22,000-க்கு அதிகமானோர் கடல் கடந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்த மண்டபம் முகாமே இவர்களை முதலில் வாங்கிக்கொண்டது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. வெளிநாட்டுக் கொடையாளர்கள் கூடி முகாம் நடத்தும் ஏற்பாடும் இங்கே உருவாகவில்லை. மாநில அரசு முதலில் செலவழிக்கும், மத்திய அரசு அதைத் திருப்பித் தரும். வரி கட்டும் எல்லோருடைய பணமும் சேர்ந்த ஒரே குடம் இது. முகாமில் பதிவு, ஆள் தணிக்கை, தலைக்கு இவ்வளவு என்று பணக்கொடை, கிலோ 57 காசுக்கு அரிசி, ஏறத்தாழ பத்துக்குப் பத்து அடியில் ஒரு குடில் என்பதாகப் பங்கீடு அமைந்தது. கிடங்குகளில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள் சேலையைக் குறுக்கே கட்டிச் சுவராக்கிக்கொண்டன.

இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. அதன் வலிமையை அறிய உலக அளவிலான பொது நிதிகளோடு ஒப்பிட வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 1991-இல் 46/182 தீர்மானத்தின் வழியாக 5 கோடி டாலரில் ஒரு சுழல்நிதியை உண்டாக்கியது. அது கடனாக மட்டுமே பணம் தந்தது. 2005 டிசம்பரில் அது மானியமும் தரும் மத்திய அவசரகால நிதியாக விரிந்தது. திடீர் நெருக்கடிக்கு ஒரு வாசல், உலகம் கவனிக்காமல் விட்ட நெருக்கடிகளுக்கு இன்னொரு வாசல் என்று பங்கீட்டை இரண்டாகப் பிரித்தது அதன் அருமையான யோசனை. ஆனால் ஐ.நா. அமைப்புகள் மட்டுமே அதிலிருந்து நேரடியாகப் பணம் பெற முடியும். உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்கு அவற்றின் கை மாறித்தான் வரும். 2016-இல் இஸ்தான்புல்லில், உதவிப் பணத்தில் கால் பங்காவது களத்திலிருக்கும் உள்நாட்டு அமைப்புகளை எட்ட வேண்டும் என்று கொடையாளர்களே உறுதி சொல்ல நேர்ந்தது இத்தகைய குறைகளால்தான். அந்த வகை நிதி வேகமாக வரும், வேகமாக வற்றியும் போகும். வங்கதேசத்து ரோஹிங்யா முகாம்களில் ஒருவருக்கு மாதத்துக்கு 12 டாலராக இருந்த உணவுப் பங்கு, கொடை குறைந்ததால் 2023 மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் வெட்டப்பட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் கொடையாளர் சலித்துப்போனார் என்பதற்காக அரிசி நின்றதில்லை. நாற்பதாண்டுத் தொடர்ச்சி சாதாரணமான காரியமல்ல.

தொடர்ச்சிக்குள்ளேயே உறைவும் இருந்தது. 2011-இல் குடும்பத் தலைவருக்கான மாதக் கொடை 400 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 288 ரூபாய் 750 ஆனது. அடுத்த உயர்வு 2021-இல் வந்தது: முறையே 1,500, 1,000. நடுவில் பத்தாண்டு விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, கொடை நின்ற இடத்தில் நின்றது. உயர்வு இரண்டுமே புதிய ஆட்சி வந்த ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். விலைவாசியோடு கட்டிய விதி ஏதும் இல்லை. மனம் இரங்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தலைக்கு இவ்வளவு என்ற விதி குருட்டு விதிதான், ஆனால் அந்தக் குருட்டுத்தனமே பாரபட்சத்தைத் தடுக்கிறது; தேவையை அளந்து கொடுக்கத் தொடங்கினால் அளப்பவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் நுழையும் என்பார்கள். உணவுக்கும் கைச்செலவுக்கும் இதை அப்படியே ஒப்புக்கொள்ளலாம். வீட்டுக்கும் கல்விக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இது பொருந்தாது. பாசனத்தை எடுத்துக்கொள்ளலாம்: சண்முகாநதி அணையில் தண்ணீர் திறந்தால் ராயப்பன்பட்டிக்கு முதலில் கிடைத்துவிடும். ஓடைப்பட்டிப் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை வைத்தே பங்கீட்டை மதிப்பிட முடியும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏட்டில் சமமாக எழுதிவிட்டால் வாய்க்கால் சமமாகிவிடாது. கைம்பெண் தலைமையிலான குடும்பத்துக்கும், சம்பாதிக்கும் இரண்டு மகன்கள் உள்ள குடும்பத்துக்கும் ஒரே குடில் என்பதும் அப்படிப்பட்ட சமம்தான்.

நன்றாக வைத்துக்கொண்டால் திரும்பிப் போக மாட்டார்கள் என்ற இன்னொரு வாதத்தை வரலாறே தள்ளிவிடுகிறது. போர் நடந்தபோது வந்தார்கள், ஓய்ந்தபோது ஆயிரக்கணக்கில் போனார்கள், மூண்டபோது மீண்டும் வந்தார்கள். 2022 மார்ச்சில் வந்தவர்களைப் படகேற்றியது இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு. அந்த ஆண்டு தமிழ்நாடு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள் என ஏறத்தாழ 123 கோடி ரூபாய் உதவியைத் திட்டமிட்டு, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. நெருக்கடி தோன்றும் இடத்துக்கே பொது நிதி போனது இந்த வரலாற்றில் புதிய திருப்பம்.

பங்கீட்டில் அகதிகளின் கை எங்கே இருந்தது என்ற கேள்வியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1984-இல் இலங்கைத் தமிழரான சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக உழைத்த அமைப்பு. 1991 மே மாதத்து ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழைவதே கடினமாயிற்று. அன்றைய பாதுகாப்பு அச்சம் பொய்யில்லை. எனினும் அதன் விலையைக் கொடுத்தவை குற்றத்தோடு தொடர்பே இல்லாத குடும்பங்கள். எங்கே கூரை ஒழுகுகிறது என்று சொல்லக்கூடிய வாய்கள் அத்தோடு அடைபட்டன.

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டம் இந்த உறைவை உடைத்த முதல் பெரிய பங்கீடு. அதில் 231.54 கோடி 7,469 வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. முகாமின் பெயரும் மறுவாழ்வு முகாம் என்றாயிற்று. ஆண்டுக்கு 5 கோடி ரூபாயில் வாழ்க்கைத்தர மேம்பாட்டு நிதி ஒன்றும் சேர்ந்தது. இந்த 5 கோடி சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் தலைக்கணக்கில் கரையாமல் ஆண்டுதோறும் புதிதாக முடிவெடுத்துச் செலவிடக்கூடிய பணம் அது. முகாமில் வாழ்பவர்கள் உட்கார்ந்து எந்த வேலை முதலில் என்று சொல்ல இடமுள்ள பணம். அப்போது முகாம்களில் ஏறத்தாழ 59,000 பேர் இருந்தார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் வாழ்ந்த சுமார் 34,000 பேருக்கு மாதக் கொடையும் கிடையாது, இந்த வீடுகளும் கிடையாது. அவர்கள் வசதி படைத்தவர்கள் என்பது 1980-களின் ஊகம். இன்றைய நிலை அதுதானா என்று பார்க்க, அடுத்த ஒதுக்கீட்டுக்கு முன் அவர்களுடைய குடும்ப வருமானத்தையும் கணக்கெடுத்தாக வேண்டும்.